தாயம் விழலியா, அண்ணாச்சி?

வைகுண்டம் போக நெல்லைக்காரர்களுக்கு ரெண்டு வழி உண்டு. ஜங்ஷனில் திருச்செந்தூர் ரயில் ஏறி, பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர் தாண்டி ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கிவிடுவது ஒரு வழி. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் முழித்துப் பரமபதம் ஆடுவது இன்னொரு வழி. முதல் வழிக்கு டிக்கெட் எடுத்தால் போதும். ரெண்டாவது வழியில் கடைசி வரிசைக்கு வந்த பிறகும் நிம்மதி கிடையாது. வாயைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய பாம்பு காத்திருக்கும். கொத்தினால் அடிவரிசைக்கு வந்து மறுபடி புழு பூச்சியாகப் பிறக்க வேண்டியதுதான்!

அந்தப் பரமபதத்தின் வம்சம் 1890-களில் கப்பலேறி லண்டனுக்குப் போனது. வெள்ளைக்காரர்கள் பாவ புண்ணியத்தைத் தங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றி எழுதிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அதையும் அழித்துவிட்டு வெறும் ஏணி, வெறும் பாம்பு ஆக்கினார்கள். 1943-ல் அமெரிக்காவில் மில்ட்டன் பிராட்லி கம்பெனி பாம்பையும் எடுத்துவிட்டு, பிள்ளைகள் பயப்படாமல் சறுக்கி இறங்க பார்க்கில் இருக்கிற சறுக்குமரத்தைப் போட்டது. தாயத்தின் பங்காளியான பச்சீசிக்கும் இதே கதைதான். 1896-ல் அதைச் சுருக்கி, 'லூடோ' என்று பேர் வைத்து, இங்கிலாந்தில் பேட்டன்ட் வாங்கிவிட்டார்கள். பிறகு ரெண்டும் ஒரே அட்டையில், முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்றாக நம்ம ஊர்க் கடைக்கே திரும்பி வந்தன. 'ஃபாரின் விளையாட்டு' என்று நாமும் காசு கொடுத்து வாங்கினோம்!

இப்போது ஒரு புது அலை வந்திருக்கிறது. அட்டைப் பெட்டி, மரக்காய், சீட்டு, ஒரு குட்டிப் புத்தகம் கனத்துக்கு விதிமுறை. வரவு பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து.

ஜெர்மனியில் எஸ்ஸென் என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரும்பு ஆலைக்கும் பேர் போன ஊர். அங்கே 1983-ல் ஆரம்பித்து ஒவ்வொரு வருஷமும் 'ஷ்பீல்' என்று ஒரு சந்தை கூடுகிறது. ஷ்பீல் என்றால் விளையாட்டு, அவ்வளவுதான். அக்டோபர் மாசம், நாலு நாள். 2019-ல் ரெண்டு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். கம்ப்யூட்டர், டி.வி. எதுவும் இல்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காய் நகர்த்தினார்கள். நம்ம ஆனித் தேரோட்டத்துக் கூட்டத்தை நாலு நாளும் நாற்காலியில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சந்தையில் ஒரு நல்ல பழக்கம். புதுசாக வந்த ஆட்டத்தை வாங்கினால்தான் தொடலாம் என்பதில்லை. கடைக்குக் கடை மேஜை போட்டிருக்கும். நீங்கள் உட்கார்ந்தால் ஓர் ஆள் வந்து விதியை விளக்கிவிட்டு, 'ஆடிப் பாருங்க' என்று போய்விடுவார். இப்படி விளக்குகிற ஆளுக்கு ஜெர்மன்காரர்கள் செல்லமாக ஒரு பேர் வைத்திருக்கிறார்கள்... 'விளக்கும் கரடி'! நம்ம கோயில் மண்டபத்திலும் ஆடுபுலி நடக்கும் இடத்தில் தூண் ஓரமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பாரே, ரெண்டு பக்கத்துக்கும் யோசனை சொல்லி, ரெண்டு பக்கத்திலும் திட்டு வாங்கிக்கொண்டு? அவரும் அதே ஜாதிக் கரடிதான்.

எஸ்ஸெனுக்குப் போக விமானம் வேண்டும், விசா வேண்டும், முக்கியமாக லீவு வேண்டும். மும்பையில் 'மீப்பிள்கான்' என்று இதே மாதிரி ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. அதுவும் நமக்கு ரெண்டு ராத்திரி ரயில். ஆகவே நாங்கள் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு நண்பரின் மொட்டை மாடியில் கூடி, பத்தமடைப் பாயை விரித்து, சொந்தமாக ஒரு குட்டி எஸ்ஸென் நடத்திப் பார்த்தோம். ஒரு பேங்க் அண்ணாச்சி, ஒரு ஈ.பி. தம்பி, ஒரு மெடிக்கல் ரெப், ஒரு ரெவின்யூ சார், வீட்டுக்கார நண்பர், நான். பாதி புது ஆட்டம், பாதி பழைய ஆட்டம் என்பது ஏற்பாடு. பெங்களூரில் வேலை பார்க்கும் மைத்துனரிடம் கடன் வாங்கி மூணு பெட்டி கொண்டுவந்திருந்தார் நண்பர். (இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. மைத்துனர் இருப்பவர்கள் பாக்கியவான்கள்!)

முதல் பெட்டி 'கட்டான்'. ஈ.பி. தம்பி அதைக் 'காட்டான்' என்று படிக்க, அன்றைக்கு முழுக்க அதே பேர் நின்றுவிட்டது.

இந்தக் காட்டானை உருவாக்கிய கிளாஸ் டாய்பர், பொய்ப்பல் கட்டுகிற டெக்னீஷியன். பகலெல்லாம் அடுத்தவர் பல்லோடு மல்லுக்கட்டு. சாயங்காலம் வீட்டு நிலவறையில் அட்டையை வெட்டி ஒட்டி, மனைவி மக்களை உட்கார வைத்துப் பரீட்சை. 1995-ல் காட்டான் வெளிவந்தது. ஜெர்மனியில் 1979 முதல் கொடுத்து வரும் 'வருஷத்தின் ஆட்டம்' விருதை அதே வருஷம் வாங்கியது. அப்படியும் மனுஷன் உடனே வேலையை விடவில்லை. சில வருஷம் பல்லையும் பார்த்து, காயையும் பார்த்துவிட்டுத்தான் ராஜினாமா எழுதினார். ஆபீஸ் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. 2023 ஏப்ரலில் அவர் காலமானபோது கோடிக்கணக்கான பெட்டிகள் விற்றிருந்தன.

ஆட்டம் என்ன? ஒரு தீவு. அறுகோண அட்டைகள் 19. காடு, வயல், மேய்ச்சல் நிலம், செங்கல் களிமண், மலை, ஒரே ஒரு பாலைவனம். ரெண்டு பகடை உருட்டுகிறோம். விழுந்த எண் எந்த நிலத்தில் எழுதியிருக்கிறதோ, அதன் ஓரத்தில் வீடு வைத்திருப்பவருக்கு விளைச்சல். மரம், செங்கல், கோதுமை, ஆடு, கல் என்று சீட்டாகக் கையில் வரும். அதை வைத்து ரோடு, வீடு, நகரம். பத்துப் பாயின்ட் முதலில் எடுத்தவர் ஜெயித்தார்.

இதில் முக்கால்வாசி விளையாட்டு பகடையில் இல்லை, வாயில் இருக்கிறது. உங்களிடம் இல்லாத சரக்கை அடுத்தவரிடம் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும்.

"அண்ணாச்சி, ஒரு ஆடு குடுங்க. ரெண்டு செங்கல் தாரேன்."

"ரெண்டு செங்கல வச்சு நான் என்ன, அடுப்பா கூட்டப் போறேன்? ஒரு கோதுமையும் சேத்துத் தா."

"ஏங்க, ஒரு ஆட்டுக்கு இம்புட்டா? மேலப்பாளையம் சந்தையிலகூட இந்த வெல கெடையாதுங்க!"

அரை மணியில் ரெவின்யூ சார் ஏழு பாயின்ட் எடுத்து முன்னால் போனார். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பயலும் ஆடு கொடுக்கவில்லை, மரம் கொடுக்கவில்லை. "சார், ஒங்க மனு பரிசீலனையில இருக்கு" என்று பதில் வந்தது. அவர் ஆபீஸ் பாஷையிலேயே! முன்னால் போகிறவரை மற்றவர்கள் பேசிவைத்துக்கொள்ளாமலே இழுத்துப் பிடிப்பார்கள். பின்தங்கியவரோடு எல்லாரும் வியாபாரம் செய்வார்கள். ஏழு விழுந்தால் திருடன் வருவான். அப்போது ஏழு சீட்டுக்கு மேல் கையில் பதுக்கி வைத்திருப்பவர் பாதியைக் கீழே போட வேண்டும். ரெண்டு பகடையில் அதிகமாக விழுவதும் ஏழுதான், ஆறுக்கு ஒரு தடவை. பதுக்கல்காரருக்கு நிம்மதியே கிடையாது. முக்கியமாக, பாதியில் யாரும் அவுட் ஆவதில்லை. தோற்கிறவரும் கடைசிவரை தன் ரெண்டு வீட்டோடு தீவில் குடியிருப்பார்.

இந்தக் கடைசி விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அடுத்த பாயில் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது.

காட்டானில் நாலு பேருக்குத்தான் இடம். மீதி ரெண்டு பேரில் மெடிக்கல் ரெப்பை வீட்டுக்கார நண்பரின் ஆச்சி கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். ஆச்சியின் மடியில் பல்லாங்குழிப் பலகை. 14 குழி, அவருக்கு ஏழு, இவருக்கு ஏழு. குழிக்கு அஞ்சு சோழி. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளிப் போட வேண்டும். அடுத்த குழி வெறும் குழியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது 'பசு'. குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். (ஊருக்கு ஊர் விதி மாறும். உங்க வீட்டு ஆச்சி வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே சரி!)

ரெப் தம்பி படித்த பையன். எண்ணிப் பார்த்து, வாய்க்குள் கணக்குப் போட்டுத்தான் எடுத்தார். ஆச்சி எண்ணவே இல்லை. குழியைப் பார்த்தார், கை போனது, சோழி வந்தது. ரெண்டாவது ஆட்டத்தில் தம்பியிடம் நாலு குழியை நிரப்பத்தான் சோழி இருந்தது. மிச்சம் மூணு குழி அடைப்பு. குழி குறையக் குறைய எடுக்கிற வாய்ப்பும் குறையும். மூணாவது ஆட்டத்தில் தம்பி கிட்டத்தட்டப் போண்டி.

"சரி, கஞ்சி காய்ச்சு" என்றார் ஆச்சி.

குழிக்கு ஒரு சோழியாகப் போட்டு ஒப்பேற்றுவதற்கு அதுதான் பேர். கையில் இருக்கிற நாலு பருக்கையை எல்லாப் பானையிலும் காட்டுகிற மாதிரி.

இந்த ஆட்டத்தைப் பற்றி இதே பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த ஒருவர் எழுதியிருக்கிறார். பேராசிரியர் தொ.பரமசிவன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். 2020 டிசம்பரில் மறைந்தார். 1997-ல் வந்த அவரது 'அறியப்படாத தமிழகம்' புத்தகத்தில் பல்லாங்குழிக்கென்று தனியாக ஒரு பகுதி உண்டு. எல்லோரும் பொழுதுபோக்கு என்று தாண்டிப்போன பலகையில் அவர் தனிச்சொத்தின் பிறப்பைப் பார்த்தார். ஆரம்பத்தில் இருவருக்கும் சமமான குழி, சமமான காய். ஆடஆட ஒருவரிடம் குவிகிறது, மற்றவர் வெறுங்கையாகிறார். இழந்தவர் 'என் ராசி அவ்வளவுதான்' என்று எழுந்து போகிறார். சமமாக இருந்த சமூகத்தில் சொத்து ஒரு பக்கம் சேர்ந்ததை நியாயமென்று மனசைப் பழக்கும் ஆட்டமாக அவருக்கு அது தெரிந்தது.

ஆச்சியிடம் இதைச் சொல்லிப் பார்த்தோம். "அப்படியா? அப்ப அவன் தோத்ததுக்கு நான் என்ன செய்யட்டும், சொத்துல பங்கா எழுதி வைக்க?" என்றார்.

இதே விஷயத்தை அமெரிக்காவில் ஒரு பெண்மணி வேறு விதமாகச் செய்துபார்த்தார். லிஸி மேகி என்று பேர். நிலம் ஒரு சிலர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் வாடகை கட்டியே அழிவார்கள் என்பதை ஜனங்களுக்குப் புரியவைக்க, 1904-ல் 'நிலச்சுவான்தார் ஆட்டம்' என்று ஒன்றுக்குப் பேட்டன்ட் வாங்கினார். ஆடியவர்களுக்குப் பாடம் ஏறவில்லை, ஆசைதான் ஏறியது. அந்த ஆட்டம் கைமாறிக் கைமாறி 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனியிடம் 'மோனோபோலி' ஆனது. கம்பெனிக்குக் கொழுத்த லாபம். மேகியின் பங்குக்கு 500 டாலர்! நாம் சின்ன வயசில் முழுப் பரீட்சை லீவில் காகித நோட்டை எண்ணி 'பிஸினஸ்', 'டிரேட்' என்று ஆடினோமே, அதெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். முதல் ஆளாகத் திவாலாகி, மற்றவர்கள் இன்னும் ரெண்டு மணி நேரம் ஆடுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தாயம்.

பித்தளைக் கட்டை ரெண்டு. ஒவ்வொன்றிலும் நாலு முகம். ஒன்று, ரெண்டு, மூணு புள்ளி, ஒரு முகம் மொட்டை. மொட்டையும் ஒன்றும் விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். ரெண்டு மொட்டையும் விழுந்தால் பன்னிரண்டு. பேங்க் அண்ணாச்சிக்கு அன்றைக்குப் பார்த்துத் தாயம் விழவே மாட்டேன் என்றது. கட்டையை உள்ளங்கையில் தேய்த்தார், ஊதினார், திசை மாறி உட்கார்ந்தார். "தாயம் விழலியா, அண்ணாச்சி?" என்று ரவுண்டுக்கு ஒரு தடவை விசாரிப்பு வேறு. பதினோராவது உருட்டில்தான் இறங்கினார்.

இதில் கட்டையின் குற்றம் ஒன்றுமில்லை. நாலுக்கு நாலு, மொத்தம் 16 வகையாக விழலாம். அதில் ரெண்டு வகைதான் தாயம். சராசரியாக எட்டு உருட்டுக்கு ஒன்று. எட்டு முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போவது மூணில் ஒருவருக்கு நடக்கும். 16 முறை உருட்டியும் விழாதவர்கள் எட்டில் ஒருவர் இருப்பார். ஆனால் யாரும், 'எனக்குப் பதினாறில் ரெண்டு' என்று சொல்வதில்லை. 'யாரு மொகத்துல முழிச்சேனோ' என்றுதான் சொல்கிறார்கள். ரொம்ப அடிக்கடி விழுவது மூணு, பதினாறில் நாலு. பாவம், அதை யாரும் வேண்டிக் கும்பிடுவதே இல்லை!

தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். ஓர் உருட்டுக்கு இந்த மறு வாய்ப்பு கிடைப்பது பதினாறில் ஆறு. ஆட்டத்தின் சூடே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கிட்டத்தட்ட அஞ்சுக்கு ரெண்டு தடவை உங்களுக்கு 'இன்னொரு தரம்' கிடைக்கிறது. மனசு அதையே ருசி பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். இது நேற்று வந்த ருசியும் இல்லை. கீழடியில் தோண்டியபோது பானை ஓட்டில் தேய்த்த வட்டுகளோடும் ஆட்டக்காய்களோடும் பகடைக்காயும் கிடைத்ததே.

அண்ணாச்சி இறங்கியதும் ஒரே வெட்டு. ஈ.பி. தம்பியின் ரெண்டு காய் பழம் எடுக்கப் பத்துக் கட்டம் இருக்கையில் வெளியே போனது.

"ஏல, இப்ப ஒனக்குத் தாயம் விழுதான்னு பாப்போம்!"

வாய்விட்டுச் சிரித்தது அதிகம் இந்த ஆட்டத்தில்தான். விதியின் நேர்த்தியில் காட்டான் ஜெயிக்கும். சத்தத்தில் தாயத்தை அடிக்க ஆளில்லை.

காபி நேரத்தில் பேச்சு வேறு பக்கம் போனது. எங்களில் ஒருவர், யார் என்று எழுதப் போவதில்லை, ஊரடங்குக் காலத்தில் செல்போனில் ரம்மி ஆட ஆரம்பித்ததைச் சொன்னார். முதல் நாள் கட்டிய ஐம்பது ரூபாய்க்கு இருநூறு வந்தது. அப்புறம் வந்ததெல்லாம் அந்த 'இன்னொரு தரம்'தான். சம்பளம் போனது, ஃபெஸ்டிவல் அட்வான்ஸ் போனது, சம்சாரத்தின் வளையல் அடகுக்குப் போனது. "எதிர ஆடுதவன் மொகம் தெரியாதுல்லா? எதுத்தாப்ல உக்காந்திருந்தா, 'போதும்டே, எந்திரி'ன்னு அவனே சொல்லிருப்பான்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. ஆச்சி மட்டும், "வளையல மீட்டாச்சா?" என்று கேட்டார். மீட்டுவிட்டாராம், ஒன்றரை வருஷம் கழித்து.

மீட்க முடியாமல் உயிரை விட்டவர்களின் செய்திகள் அந்த வருஷங்களில் தமிழ்நாட்டுப் பேப்பர்களில் வந்துகொண்டே இருந்தன. நீதிபதி சந்துரு தலைமையில் கமிட்டி போட்டார்கள். 2022 அக்டோபரில் சட்டசபை தடை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னரிடமிருந்து திரும்பி வந்து, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல். அதே வருஷம் நவம்பரில் ஐகோர்ட், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றை மட்டும் தடையிலிருந்து விடுவித்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட்டே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் போட, பெரிய கம்பெனிகள் கடையைச் சாத்தின. வள்ளுவர் இதற்காகவே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், 94-வது. அதில் சூதாடும் இடத்துக்கு அவர் சொல்கிற சொல் 'கழகம்'! (இன்றைக்கு அந்தச் சொல் எங்கெங்கோ இருக்கிறது. நமக்கு எதற்கு வம்பு?)

எந்த ஆட்டம் திறமை, எது அதிர்ஷ்டம் என்று கோர்ட்டில் வாதாடலாம். பாயில் உட்கார்ந்தவர்களுக்கு வேறு ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. தோற்கிறவனை எதிரே இருப்பவன் பார்க்கிறானா, இல்லையா?

அந்தக் கனத்தோடு மூணாவது பெட்டியைத் திறந்தோம். 'பாண்டமிக்.' 2008-ல் அமெரிக்கர் மாட் லீகாக் உருவாக்கியது. கொரோனாவுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே கொள்ளைநோய் ஆட்டம்! உலக வரைபடம், நாலு நோய், ஊருக்கு ஊர் கலர் கலராகக் கட்டைகள். ஒருவர் டாக்டர், ஒருவர் விஞ்ஞானி, இப்படி ஆளுக்கு ஒரு வேலை. இதில் எதிராளியே கிடையாது. நாலு நோய்க்கும் மருந்து கண்டுபிடித்தால் எல்லாரும் ஜெயித்தோம். அதற்குள் நோய் கை மீறினாலோ, சீட்டுக் கட்டு தீர்ந்தாலோ எல்லாரும் தோற்றோம். அட்டையில் சென்னை இருக்கிறது. அதைப் பார்த்ததுமே நம்ம ஆட்களுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பாரிஸ் கெடக்கட்டும், மொதல்ல சென்னையப் பாருங்க. எம்மக அங்கதான் படிக்கா!"

"அண்ணாச்சி, சென்னையில ஒரு கட்டதான் இருக்கு. கெய்ரோவுல மூணு. இன்னொண்ணு விழுந்தா வெடிச்சிரும்."

கெய்ரோ வெடித்தது. பக்கத்து ஊர்களுக்குப் பரவியது. முதல் ஆட்டம் போச்சு. தோற்ற நாலு பேரும் ஒரே பக்கம் என்பதால் யாரைக் கிண்டல் செய்வது என்று தெரியாமல் முழித்தோம். ரெண்டாவது ஆட்டத்தில், ரம்மிக் கதை சொன்னவர்தான் சீட்டு எண்ணிக் கணக்கு வைத்துக்கொண்டார். எது வந்துவிட்டது, எது இன்னும் கட்டில் இருக்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னார். கடைசி மூணு சீட்டு மிச்சமிருக்கையில் நாலாவது மருந்து கிடைத்தது. மொட்டை மாடியில் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் லைட் எரிந்தது.

மைத்துனரின் அலமாரியில் இன்னொரு பெட்டி இருந்ததாம், கேட்டால் தரவில்லை. 'ஷாஸன்' என்று பேர். மும்பைக்காரர் ஜெய்ன் மேமன் உருவாக்கியது. எலெக்‌ஷன் ஆட்டம். கேள்விக்கு நீங்கள் சொல்கிற பதிலைப் பொறுத்துப் பணம், செல்வாக்கு, மீடியா, நம்பிக்கை என்று கைக்கு வரும். அதை வைத்து ஓட்டர்களை வாங்க வேண்டும். நம்ம ஊரில் பயிற்சி இல்லாமலே ஆடக்கூடியவர்கள் வார்டுக்கு நாலு பேர் தேறுவார்கள்.

புது ஆட்டம் செய்வது வெள்ளைக்காரர் வேலை, நமக்கு வாங்குவது மட்டும்தான் என்று இருக்க வேண்டியதில்லை. சென்னையில் வினிதா சித்தார்த்தா நடத்தும் 'கிரீடா', பல்லாங்குழி, பரமபதம், தாயம் என்று பழைய ஆட்டங்களையே பெட்டியும் விதிப் புத்தகமுமாகப் பல வருஷமாகக் கொண்டுவருகிறது. இந்தக் கரையில் இன்னொரு வசதியும் உண்டு. ஜெர்மன் பெட்டிகளில் மனுஷ உருவத்தில் குட்டி குட்டி மரக்காய்கள் வரும், பேர் 'மீப்பிள்'. அதைக் கையில் உருட்டிப் பார்த்தபோது எனக்கு அம்பாசமுத்திரம் சொப்பு சாமான்தான் ஞாபகம் வந்தது. குழவி, அம்மி, பானை என்று விரல் உயரத்தில் மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றுகிற கைகள் தாமிரபரணிக் கரையில் இன்னும் இருக்கின்றன. பிளாஸ்டிக் பொம்மை வந்த பிறகு அவர்களுக்கு வேலை குறைந்துபோனது. காட்டானுக்கு வீடும், பாண்டமிக்குக்குக் கட்டையும் கடைய அவர்களுக்கு ஒரு காலை நேரம் போதும்.

கடைசியாக ஆடுபுலி. இதற்குப் பெட்டி வேண்டாம், மைத்துனர் வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும். எப்படிப் போடுவது என்று தெரியாதவர்களுக்கு:

உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து விசிறி மாதிரி கீழே நாலு கோடு. குறுக்கே மூணு கோடு, ரெண்டு பக்கமும் விசிறியைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீளட்டும். வெளியே நீண்ட முனைகளை ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து கீழாக இணைத்துவிடுங்கள். விசிறியின் நாலு காலையும் அடியில் ஒரு கோட்டால் மூடுங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணினால் 23 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கோடு விட்டுப்போயிருக்கிறது.

மூணு புலி, 15 ஆடு. உச்சியில் ஒரு புலி, அதற்கடுத்த குறுக்குக் கோட்டின் நடுவில் ரெண்டு புலி என்று வைப்பது வழக்கம். ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக இறக்குவார். 15-ம் இறங்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலி மட்டும் முதலிலிருந்தே நகரலாம். ஆட்டுக்கு நேர் பின்னால் காலி இடம் இருந்தால் தாண்டிக் கொல்லலாம். மூணு புலியும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு ஜெயம்.

பகடையே இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. ஒருவரிடம் பலம், மற்றவரிடம் எண்ணிக்கை. நேபாளத்தில் இதன் அண்ணன் முறை ஆட்டம் ஒன்று இருக்கிறது, 'பாக்சால்', நாலு புலிக்கு 20 ஆடு. கம்ப்யூட்டரில் போட்டு அலசிப் பார்த்து, ரெண்டு பக்கமும் தப்பில்லாமல் ஆடினால் டிராதான் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். நம்ம 23 புள்ளியில் நடுவில் இறக்கிய ஆடு சாகும். ஓரத்தில், கோட்டின் கடைசிப் புள்ளியில் வைத்த ஆட்டுக்குப் பின்னால் புலி குதிக்க இடமே கிடையாது. பேங்க் அண்ணாச்சி நாலு ஆட்டைப் பறிகொடுத்த பிறகு, படியேறி வந்த ஆச்சி எட்டிப் பார்த்து, "ஓரமா வையில, ஓரமா" என்றார். அடுத்த ஆட்டத்தில் ஈ.பி. தம்பியின் மூணு புலியும் அடைபட்டு நின்றன.

ஆட்டுக்குப் புளியங்கொட்டை போதும். புலிக்கு மட்டும் வேறு நிறத்தில் கூழாங்கல் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் ரெண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது என்று சண்டை வருகிறது.